உடும்பு படுத்த கல்

மழை அரிதான ஒரு தேசத்தில், பாறைக் குழி ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. வெயில் உறிஞ்சிவிடாதபடி உடும்புகள் அதைப் பலகைக் கல்லால் மூடிவைக்கும். தாகத்துக்குக் குடித்துவிட்டு மறுபடியும் மூடும்.

கப்பலில் வந்திறங்கிய செம்மறிக் கிடாவை யாரும் வெற்றிலைபாக்கு வைத்து அழைக்கவில்லை. அது வந்ததும் கல்லை முட்டித் தள்ளியது.

"தண்ணீரை யாராவது மூடுவார்களா? மடப் பிறவிகள்! சும்மா கிடக்கிற இடம். இனி எங்கள் ராஜாவுக்குச் சொந்தம்."

அதோடு கப்பலில் வந்த ஆட்டு மந்தை குழிக்குள்ளேயே இறங்கிக் குடித்தது. மூன்றே நாளில் பாதித் தண்ணீர் சேறாகிவிட்டது.

கிழட்டு உடும்பு ஒன்று கல்லை இழுத்து மூடி, அதன்மேல் படுத்துக்கொண்டது.

"எழுந்திருடா, காட்டுப் பயலே!" கிடா முட்டியது. கொம்புதான் வலித்தது, உடும்பின் பிடி தளரவில்லை.

"எங்கள் ராஜா வந்தால் என்ன ஆவாய் தெரியுமா?"

"வரட்டுமே. அவனுக்கும் தாகம் எடுக்கும். கரையில் மண்டியிட்டுக் கேட்டால் கல்லை நகர்த்துவேன். உனக்கும் அதே முறைதான்."

கிடா உறுமியது. அதன் பின்னால், நாக்கு வறண்டு நின்ற மந்தையில் ஓர் ஆடு மெதுவாக முன்னங்கால்களை மடக்கியது.