சிங்க்கில் சிக்கியது

வீட்டுக்கார அம்மா கேட்காமலேயே சமையலறைக்குள் வந்து நின்றதும் மதிவதனி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"சிங்க்குல தண்ணி நிக்குதா, ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் உண்ணாமலை.

"கொஞ்சம்தாம்மா. அவரே சரிபண்ணிக்கறேன்னாரு."

உண்ணாமலை குனிந்து சிங்க்கின் சல்லடையைப் பார்த்தாள். துருப்பிடித்து, நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவள் பார்க்கிறாளா, மோந்து பார்க்கிறாளா என்று மதிவதனிக்குப் புரியவில்லை.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் வந்த பிறகு எழும்பிய வீடுகளில் அதுவும் ஒன்று. மாடியில் வீட்டுக்காரர் சகாதேவனும் அவர் மனைவி உண்ணாமலையும். கீழே வாடகைக்கு மதிவதனி, அவள் கணவன் செழியன், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகள் ஓவியா.

குடிவந்த அன்றே சகாதேவன் சொல்லிவிட்டார். மகன் பெரிய காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்காக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டு, குடும்பமே கவிச்சியை விட்டுவிட்டதாம். வீட்டில் அந்த வாசனை வந்தால் அந்த மாதமே காலி செய்துவிட வேண்டும்.

முன்பு இருந்த வீட்டிலும் இதையே சொல்லித்தான் காலி செய்ய வைத்தார்கள். சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று விசாரித்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த சாக்கு அது. மறுபடி வீடு தேடி அலையத் தெம்பில்லாமல் செழியன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஆனால் ஓவியாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. சகாதேவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கழனியைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போவார். அவர் பஸ் ஏறியிருப்பார் என்று தெரிந்ததும் மதிவதனி ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தி கொளுத்தி, அவசர அவசரமாகக் குழம்பு வைப்பாள்.

சரியாக அந்த நேரத்துக்குத்தான் உண்ணாமலை மாடிப்படி இறங்கி வருவாள். புளி இருக்கா, பூண்டு இருக்கா என்று வாசலில் நின்று கேட்பாள். கண் மட்டும் உள்ளே அடுப்பில் இருக்கும். வேவு பார்க்க வருகிறாள் என்று மதிவதனி புலம்பாத ஞாயிறு இல்லை.

அதனால்தான் சிங்க் அடைத்துக்கொண்டதும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. செழியன் தேரடித் தெருவில் புதுச் சல்லடை வாங்கி வந்து, தானே மாட்டப் பார்த்தான். துருவேறிப்போன பழையது அசைந்து கொடுக்கவில்லை. தண்ணீர் கசிந்து வாசல் வரை ஓடிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உண்ணாமலை இறங்கி வந்திருந்தாள்.

மறுநாள் காலை, செழியன் வேலைக்குப் போன பிறகு, சகாதேவனே பிளம்பர் வேடியப்பனைக் கூட்டி வந்தார். அவர் வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். உண்ணாமலை மட்டும் சமையலறையை விட்டு நகரவில்லை. நான் பார்த்துக்கறேன், நீங்க மேல போங்க என்று மதிவதனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இருக்கட்டும் என்று அங்கேயே நின்றாள்.

வேடியப்பன் பழைய சல்லடையைக் கழற்றினான். அடியில் இருந்த குழாயையும் கழற்றிப் பக்கெட்டில் தட்டினான். கறுப்பாகச் சேறு விழுந்தது. அதில் மீன் செதில்கள் மின்னின. கூடவே முள், எலும்பு போல வெள்ளை வெள்ளையாக ஏதேதோ.

நாற்றம் வாசலுக்குப் போய்விட்டது. சகாதேவன் எழுந்து வந்து பக்கெட்டைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

வேடியப்பன் யாரையும் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டான். மாடி சிங்க் தண்ணியும் கீழ் சிங்க் தண்ணியும் இந்த ஒரே பைப்பில்தான் இறங்குது சார் என்று மட்டும் சொன்னான்.

சகாதேவன் திரும்பி மதிவதனியைப் பார்த்தார். அவள் சுவரை ஒட்டிப் பின்வாங்கினாள். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் பிள்ளையை இழுத்துக்கொண்டு எந்தத் தெருவில் போய் வீடு கேட்பது?

"அவள ஏன் பாக்கறீங்க?" என்றாள் உண்ணாமலை. "நான் பண்ணதுதான். நீங்க கழனிக்குப் போறப்ப பண்ணேன். நாக்கு கேக்கல."

சகாதேவன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டார். விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார்.

வேடியப்பன் புதுச் சல்லடையை மாட்டிவிட்டுப் போனான். தண்ணீர் சுழன்று தடையில்லாமல் இறங்கியது. மதிவதனியால்தான் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. மதியம் சகாதேவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பொண்டாட்டி கையால் சாப்பிட மாட்டார் போலிருக்கிறது. சாயங்காலமும் அதே மாதிரி கிளம்பிப் போனார்.

செழியன் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். வீடு போனால் போகட்டும், போய் உண்மையைச் சொல்லிவிடு என்றான் அவன். அவளும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தாள்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே உண்ணாமலை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்த முகம்.

"ஐயா வரட்டும்மா, நான் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை மீன் செஞ்சது நாங்கதான்" என்றாள் மதிவதனி. "வேவு பாக்க வர்றீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா எங்களுக்காகப் பொய் சொல்லி, அவர்கிட்ட கெட்ட பேரு வாங்கிட்டு..."

உண்ணாமலை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தச் சேத்துல உன்னுது எது, என்னுது எதுன்னு யாரு கண்டா? நான் ஒண்ணும் பொய் சொல்லல, மதி."