ஏழாம் நம்பர்

“யாரும்மா இந்த ஏழாம் நம்பர்? பத்திக்குப் பத்தி அவனையே சாட்சிக்குக் கூப்பிடுதாங்க!”

ஞானசம்பந்தம் பென்சிலைக் கீழே வைத்தார். புளியங்குடியில் அவருடைய எலுமிச்சைத் தோப்பு கிளை கிளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் முந்நூறு மரத்தையும் வெட்டிவிடச் சொன்னார்கள். வெட்ட வேண்டாம் என்கிற ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுத்தவள் ஷிஃபா. நண்பர் அகமது கபீரின் மகள், தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறவள். அடுத்தவர் படித்துச் சொல்லிக் கேட்க அவருக்குச் சம்மதமில்லை. பழைய பி.யூ.சி. ஆங்கிலத்தை நம்பி, மூன்று நாளாகச் சாரலில் நனைந்தபடி தென்காசியில் ஷிஃபாவின் வீட்டுக்கு பஸ் ஏறி வருகிறார்.

“வரி முடிவுல நம்பர் போட்டிருந்தா, அதை ஏற்கெனவே ஒருத்தங்க செஞ்சு பார்த்திருக்காங்கன்னு அர்த்தம் மாமா. பேரெல்லாம் கடைசிப் பக்கத்துல இருக்கும். அது அப்புறம்.”

“பேர் கெடக்கட்டும். எத்தனை மரத்துல பார்த்தான்? எத்தனை வருசம்?”

ஷிஃபா சிரித்தாள். முதல் நாள் அவள் சொல்லிக்கொடுத்த கேள்வி.

“நானூறு மரம், நாலு வருசம். மழை கூடின வருசம் பாதி மரம் பிழைக்கலைன்னு ஏழாம் நம்பரே ஒத்துக்கிட்டிருக்காங்க, பாருங்க.”

“தோத்ததையும் மறைக்காம எழுதுதானா! வளர்த்த அப்பனைச் சொல்லணும்.” கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கும்தான் ஒரு மக இருந்தா. சொல்லாமக் கல்யாணம் முடிச்சிட்டுப் போயிட்டா. எட்டு வருசமாச்சு. என் இனிஷியலைக்கூடப் போடக் கூடாதுன்னுட்டேன்.”

ஷிஃபா பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“சரி, இந்த ஆளைப் பிடிச்சுக் குடும்மா. என் தோப்பை வந்து பார்க்கட்டும். நானே வாசல்ல நின்னு மாலை போட்டு, வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி இலை போட்டுச் சோறு போடுதேன்.”

“நெசமாவா மாமா? அப்புறம் மாறக் கூடாது.”

“ஏ, என்னையவா கேக்க? எங்க குடும்பத்துல சொன்ன சொல் மாறாது.”

“அப்ப நீங்களே வாசிங்க.” ஷிஃபா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். “இதுல குடும்பப் பேரைத்தான் முன்னால போடுவாங்க. நமக்குத்தான் அது கிடையாதே, அப்பா பேரைக் கொடுத்திருவோம்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஏழாம் எண்ணில் விரல் வைத்து, ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாய்விட்டு வாசித்தார்.

“ஞான... சம்பந்தம்... யோகலட்சுமி.”

வெகுநேரம் விரல் நகரவில்லை. பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“சொன்ன சொல் மாறாது. என் மகளுக்குப் போனைப் போடு,” என்றார். “மாலை மட்டும் ரெண்டாச் சொல்லணும்.”