பலாக்கிளையில் கட்டிய சாக்கு

“இதுதான் ஒங்க கவருமென்ட் மருந்தா? ஒத்த வேரு இருக்காய்யா?”

மரத்துக்காரர் அடைக்கலம் போட்ட சத்தத்துல இலுப்பூர் ரோட்டுல போன வண்டிக்காரங்களே நின்னுட்டாங்க.

பலாக்கிளையில கட்டியிருந்த சாக்கை விவசாய ஆபீசர் ரெங்கசாமிதான் அப்பப் பிரிச்சிருந்தார். உள்ளே இருந்த ஈரத் தேங்காய்நாரைப் பார்த்ததும், சட்டுனு கிளையை அழுத்தித் தொடைச்சு, நாரைக் கசக்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டார்.

“தப்பு என்மேலதாங்க. மருந்தைச் சரியாக் கலக்கலை.”

“வெக்கமில்லாமச் சொல்றீரே! ரோடு அகலம் பண்ண நாளைக்கு மரத்தை வெட்டப்போறாங்க. செத்துப்போன எம்மவன் நல்லதம்பி வச்ச மரம்யா இது! கொட்டையைப் போட்டா அது வேற மரம். பட்டையை உரிச்சு மருந்தைத் தடவிக் கட்டுனா கிளையிலேயே வேரு விடும், அதை வெட்டி நட்டா இதே மரம்தான்னு நீருதானே சொன்னீரு?”

“சொன்னேங்க.”

“இனிமே இந்தப் பக்கம் ஒம்ம சைக்கிளைப் பார்த்தேன்னா...”

“வரலைங்க.”

அட, ஒரு மனுசன் இப்படியா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பான்! பார்த்தவங்களுக்கே எரிச்சலா வந்துச்சு.

“வேலை தெரியாதவனை எல்லாம் ஆபீசரா அனுப்புனா இப்படித்தான்” என்று ஒரு வண்டிக்காரர் மாட்டைத் தட்டி விட்டார்.

ரெங்கசாமி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வேலிப் படலைத் தாண்டினார். அடைக்கலத்தோட சம்சாரம் செவந்தி பின்னாலேயே ஓடி வந்தா.

“தம்பி, எதுக்குப் பொய் சொன்னீங்க? நீங்க பட்டையை உரிச்சுட்டுப் போனதைப் பார்க்க, எம்புள்ளைக்கு அடிபட்ட மாதிரியே இருந்துச்சு. மனசு கேக்கலை. அந்த மருந்து எரியுமேன்னு தொடைச்சுட்டு, மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டு, பழையபடி கட்டிட்டேன்.”

அவ வீட்டுப் பக்கம் திரும்பினா.

“பாவி, என் கையாலேயே கெடுத்துட்டேனே! இப்பவே போயி அவருகிட்ட உள்ளதைச் சொல்லிடுறேன்.”

ரெங்கசாமி பையில இருந்த நாரை எடுத்து வாய்க்கால்ல வீசினார். அது மஞ்சளா மிதந்து போச்சு.

“சொல்லாதீங்கக்கா. நாளைக்கு மரமும் போயிரும். அப்புறம் இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேருதான். அவருக்குத் திட்டித் தீர்க்க ஒரு ஆளு வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன்.”