யார் கண்ணுக்கு என்ன

"டிசைனைத் தூக்கிக் கொடுத்ததும் இல்லாம, பூனை மீசைன்னு பேரு வேற வச்சுக் கொடுத்திருக்கியா?"

அக்கா கேட்டதும் தங்கையின் கையிலிருந்த குண்டூசி டப்பா கீழே விழுந்து சிதறியது. குற்றமுள்ள கைதான் நழுவவிடும் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

அக்கா வரைவாள், தங்கை விற்பாள். அப்படி இருவரும் சேர்ந்து நடத்தும் துணி டிசைன் கடை அது. கடைக்கு வெளியே யாருக்கும் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த டிசைன் ஒன்று, இன்று காலை எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் முழுத் துணியாகத் தொங்கியது. ஓரத்தில் ஓர் அட்டை: 'பூனை மீசை'.

"சத்தியமா நான் இல்லக்கா."

"பின்ன யாரு? இந்தச் சீட்டுக் கூத்தை ஆரம்பிச்சவளே நீதானே."

கூத்துதான். முன்பெல்லாம் பூ டிசைனுக்கு ஓர் இழுப்பறை, கோடு போட்ட டிசைனுக்கு ஓர் இழுப்பறை. கோடுகளுக்குள் பூ வந்துவிட்டால் எதில் வைப்பது என்று அக்காவுக்கும் தங்கைக்கும் தினம் மல்லுக்கட்டு.

தங்கைதான் வழி சொன்னாள். எதில் வேண்டுமானாலும் வை, பார்த்தவருக்குத் தோன்றுவதைச் சீட்டில் எழுதிக் குத்திவிடு. ஒரு டிசைனுக்கு எத்தனை சீட்டு வேண்டுமானாலும் இருக்கட்டும், யார் எந்தப் பேர் சொல்லிக் கேட்டாலும் எடுத்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், இன்றுவரை ஒரே டிசைனுக்கு இரண்டு பேர் ஒரே சீட்டை எழுதியதில்லை.

தங்கை அந்த டிசைன் காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஒரு புள்ளி, இருபுறமும் மும்மூன்று மெல்லிய கோடுகள். "நீயே பாரு. எனக்கு இது தும்பி. உனக்கு மீன்முள். நம்ம தையல்காரருக்குப் பிரிஞ்ச நூல். இதுல பூனை எங்கக்கா இருக்கு?"

"உன் பழைய சீட்டைக் கிழிச்சுட்டு வேற எழுத எவ்ளோ நேரம் ஆகும்?"

 தங்கை தன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். கூடப் பிறந்தவளே முதுகில் குத்திவிட்டாளே என்று அக்கா பொருமினாள். டிசைனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

வீட்டில் கணவர் பூனையை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். டிசைன் எதிர்க்கடைக்குப் போய்விட்டது, கொடுத்தது தங்கை என்பதற்குமேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அவளோட கூட்டு வேணாம்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். கடையை இழுத்து மூடிட்டு நிம்மதியா இரும்மா."

"எதிர்க்கடையில தொங்குதே, நீங்க பார்க்கலையா?"

"அந்தத் தெருப்பக்கமே நான் வர்றதில்ல. உன் டிசைன் எதையும் நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல, எனக்கென்ன தெரியும்?"

சொல்வது நியாயம்தான். இந்த மனுஷனாவது கூட இருக்கிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் பூனை எங்கே இருக்கு என்று தங்கை கேட்டது காதை விட்டுப் போகவில்லை. பையிலிருந்த காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? சும்மா சொல்லுங்க."

அவர் பூனையைத் தடவியபடியே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அச்சு அசல் பூனை மீசை."