நல்ல வேப்பிலை

கழுத்தோரம் மூன்று தடிப்புகள்.

அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. பின்னால் நகர்ந்து கைகூப்பினாள்.

“ஆத்தா, வர்றதுக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதா உனக்கு?”

மகள் நுண்ணுயிரியல் படித்தவள். அம்மை இப்படிக் கழுத்தில் மட்டும் வரிசை கட்டி நிற்காது. காய்ச்சல் வரும். கொப்புளத்தில் நீர் கோக்கும். வயிற்றிலும் முதுகிலும் தெரியும்.

இது கொசு. நேற்று சாயங்காலம் ஜன்னலைச் சாத்த மறந்திருந்தாள்.

சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா போனை எடுத்துவிட்டாள்.

“இன்னைக்குப் பொண்ணு பாக்க வர வேண்டாமுங்க. புள்ளைக்கு அம்மை போட்டிருக்குதுங்க.”

வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு கார் நிறைய ஆட்கள் வருவதாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் தட்டோடு போய் நிற்க வேண்டும். பாடத் தெரியுமா என்று யாராவது ஒருவர் கேட்பார். ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொசுவின் எச்சில் உள்ளே போனால் உடம்பு கோபித்துக்கொள்ளும். அந்தக் கோபம்தான் தடிப்பு. எல்லாம் ஒரு தற்காப்பு.

இந்த முறை உடம்பு பாடத்தில் இல்லாத அளவுக்குக் காப்பாற்றியிருந்தது.

வேப்பிலை பறிக்கப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். தெருவில் இருந்த வேப்பமரங்கள் எல்லாம் நுனி கருகி நின்றன.

“என்ன கண்ணு இது, தீ வெச்ச மாதிரி நிக்குது?”

“பூஞ்சை நோய்ம்மா. மழைக்கு அப்புறம் பரவும்.”

அம்மா யோசித்தாள்.

“வேம்புக்கே சீக்கு வந்தா அதுக்கு எந்த எலையக் கட்டறது?”

பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இருந்தது. கேள்வி நன்றாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

ராத்திரி மாப்பிள்ளை வீட்டிலிருந்து நலம் விசாரித்தார்கள். வேப்பிலை கிடைக்காத குறையையும் அம்மா அவர்களிடம் சொல்லி அழுதாள்.

காலையில் வாசலில் பைக் சத்தம்.

பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு கட்டு வேப்பங்கொத்து. அதற்குப் பின்னால், போட்டோவில் பார்த்த முகம்.

அம்மா பதறினாள்.

“உள்ள வராதீங்க தம்பி! ஒட்டிக்கும்!”

“எனக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிருச்சுங்க. இனி வராதுங்க.”

புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் குழி. அம்மைத் தழும்பு.

உடம்பு ஒருமுறை சண்டை போட்ட கிருமியை மறப்பதில்லை. பரீட்சையில் இதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அது இப்படிப் பைக்கில் வந்து இறங்கும் என்று எழுதவில்லை.

அம்மா இன்னும் குளித்திருக்கவில்லை. குளிக்காமல் ஆத்தாளின் இலையைத் தொட மாட்டாள்.

“நான் குளிச்சுட்டுத்தானுங்க வந்தேன்” என்றான். கொத்தோடு உள்ளே வந்தான்.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள்.

தாமதம். தலைமாட்டில் கொத்தை வைக்கக் குனிந்தவன் பார்த்துவிட்டான்.

வற்றிக்கொண்டிருந்த மூன்று தடிப்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கொசு குத்திய சிவப்புப் புள்ளி.

அம்மை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலமே இரண்டு காரும் வந்துவிடும்.

அவன் அவளைப் பார்த்தான்.

அவள் இலையைப் பார்த்தாள். நுனிவரை பச்சை. ஒரு கருகல் இல்லை. தேடி, பார்த்துப் பார்த்துப் பறித்திருக்கிறான்.

அவன் வெளியே போனான்.

“எப்படித் தம்பி இருக்குது?” வாசலில் அம்மாவின் குரல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அம்மைதானுங்க. சந்தேகமே இல்ல. அம்மை எறங்கி மூணாந்தண்ணி ஊத்தற வரைக்கும் எங்க வீட்ல யாரும் வர வேண்டாமுன்னு சொல்லிடறனுங்க.”

செருப்பு மாட்டும் சத்தம். நின்றது.

“எலை வாடிருமுங்க. நான் மட்டும் தெனமும் கொண்டாந்து குடுத்துட்டுப் போறேன்.”

பைக் போன பிறகு எழுந்து கண்ணாடி பார்த்தாள். தடிப்புகள் பாதிக்கு மேல் அமுங்கியிருந்தன. நாளைக்கு ஒன்றும் இருக்காது.

பகல் முழுக்க வேப்பிலை வாசனை.

பொழுது சாயும் நேரத்தில் சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

“ஜன்னலைச் சாத்திட்டியா கண்ணு? கொசு வந்துரும்.”

“சாத்தியாச்சும்மா.”

எழுந்து போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்தாள்.