ஊருக்குத் திரும்பிய உருளை

கடல் கடந்த ஒரு நாடு தன் அணு உலையில் எரித்த எரிபொருளை இங்கே உள்ள ஆலைக்கு அனுப்பியது. ஆலை அதைச் சுத்திகரித்து, நல்லதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மிஞ்சிய கழிவைக் கண்ணாடியோடு உருக்கி ஒரு எஃகு உருளையில் அடைத்தார்கள். கிடங்கில் அதற்குப் பக்கத்துக் குழியில் இருந்தது உள்ளூர்க் கழிவு அடைத்த உருளை. இருபது வருஷப் பழக்கம்.

"நாளைக்குக் கப்பல் வருதாம். ஒருவழியா ஊருக்குப் போறேன்," என்றது வெளிநாட்டு உருளை.

மறுநாள் கிரேன் வந்து உள்ளூர் உருளையைத் தூக்கியது.

"அண்ணே, ஆள் மாறிப்போச்சு! நான் இந்த ஊருக்காரன். என்னை இங்கேயே விட்டுடுங்க!"

"தெரியும்," என்றது கிரேன். "இவ்வளவு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பணும்னுதான் ஒப்பந்தம். யாரை அனுப்பணும்னு அதுல இல்லை. நீதான் வாசலுக்குப் பக்கத்துல இருக்கே."

வெளிநாட்டு உருளை குழிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆறு வாரம் கழித்துக் கப்பல் அக்கரை சேர்ந்தது. துறைமுகம் நிறையக் கூட்டம். பதாகைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்கள்:

"வந்த இடத்துக்கே திரும்பிப் போ!"

"அதைத்தானய்யா நானும் கிரேன்கிட்ட சொன்னேன்," என்றது உருளை.