கண்ணைக் குத்தும் நிறம்

இணையதளங்களை இயக்கும் பைத்தான் கோடுக்குள் கலந்து கிடந்த நிறம், எழுத்து வடிவம் எல்லாவற்றையும் பிரித்து, தளத்துக்குச் சட்டை மாதிரி மாட்டிக் கழற்றும் தனித் தீமாக மாற்றும் வசதியைச் செய்தது அவன்தான். ஆனால் புதுத் தீம் செய்த டிசைனருக்குத்தான் அலுவலகத்தில் பேர். அவனுக்கு வயிறு எரிந்தது.

அன்று செருப்புக் கடைக்காரர் தன் புது இணையதளத்தைப் பார்க்க வந்தார். பெரிய திரையில் அது திறந்தது. அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அடேங்கப்பா, குளுகுளுன்னு இருக்கே! யாரும்மா பண்ணது?” என்றார் கடைக்காரர்.

டிசைனர் திரையைப் பார்த்து விழித்தாள். “சார், அது வந்து...”

“கண்ணைக் குத்துது சார்,” என்று குறுக்கே புகுந்தான் அவன். “கோடு எழுதினவன் சொல்றேன். இதை வெச்சா ஒருத்தரும் செருப்பு வாங்க மாட்டாங்க.”

“நீங்களே சொல்றீங்களா? அப்ப வேணாம், தூக்கிடுங்க.”

டிசைனர் அவன் பக்கம் குனிந்தாள். “அண்ணா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. என் தீமை இன்னும் தளத்துல ஏத்தவே இல்ல. எந்தத் தீமும் ஏத்தலைன்னா நீங்க முதல்ல செஞ்ச பழைய தீம்தான் வரும்னு கோடுல நீங்கதானே எழுதி வெச்சீங்க?”

அவன் நிமிர்ந்தான். திரை முழுக்க அவனுடைய பச்சை. அதை ஒருவர் பாராட்டியது அன்றுதான் முதல் தடவை.